சிவப்பு விழுந்தால் பயப்பட வேண்டாம்

என் வேலை கையேடு எழுதுவது. பினாங்கில், பாயான் பாருவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். நாங்கள் செய்து விற்பது ஏஐ ஏஜென்ட், அதாவது ஆள் உட்கார்ந்து செய்கிற வேலையைத் தானே செய்கிற மென்பொருள். மெயிலைப் படிக்கும், ஸ்டாக் பார்க்கும், தீர்ந்த சாமானுக்கு ஆர்டர் போடும். அது காலையில் வேலையைத் தொடங்குமுன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு கருவி இருந்தது. நெட் வருகிறதா, ஃபைல் திறக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு காட்ட வேண்டும். அதற்குத்தான் நான் கையேடு எழுதப் போனேன்.

கருவியைச் செய்தவள் பக்கத்து மேசைப் பெண். இன்னும் கன்ஃபர்ம் ஆகாத வேலை. வெள்ளிக்கிழமை ஜுருவில் ஒரு கார் பார்ட்ஸ் கிடங்கில் டெமோ. நன்றாகப் போனால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பாஸ் சொல்லிவிட்டார். அவள் புருஷனும் ஃபேக்டரி வேலை போய் வீட்டில் இருந்தார்.

நான் கையேடு எழுதுகிற விதம் ஆபீஸில் யாருக்கும் பிடிக்காது. எதையும் முதலில் கெடுத்துப் பார்ப்பேன். நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கருவியை ஓட்டினேன். வரிசையாகப் பச்சை! ஒரு ஃபோல்டரைப் பூட்டிவிட்டு ஓட்டினேன். அதற்கும் பச்சை.

"என்னடி இது? வயரு என் கையில தொங்குது, இது எல்லாம் நல்லாருக்குங்குது?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "சிவப்பெல்லாம் உள்ள இருக்குக்கா. கஸ்டமர் கண்ணுல படாம மறைச்சு வச்சிருக்கேன். வந்து உக்காந்தவங்ககிட்ட சிவப்பக் காட்டுனா மனசு சங்கடப்படும்ல? பாஸுக்கும் மரியாதையா இருக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளை மட்டும் எப்படித் திட்டுவது? நாம் எல்லாரும் அப்படித்தானே! கல்யாண வீட்டில் சாம்பார் அடிபிடித்திருக்கும். "சாப்பாடு எப்படி?" என்று பெண்ணின் அப்பா கேட்டால், "ஓகே லா, நல்லாருக்குண்ணே" என்போம். கேட்டவர் முகம் வாடக் கூடாது. அந்த நல்ல பழக்கத்தை இவள் மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

"கல்யாணச் சாப்பாட்டுக்கு அது சரி. இது சாமான் ஆர்டர் போடுற மெஷினு. பச்சைய நம்பி அவங்க சும்மா இருந்துட்டா? பொய்க்கெல்லாம் நான் கையேடு எழுத மாட்டேன், ஆள விடு."

"சிவப்பு விழுந்து டெமோ கெட்டா எனக்குத்தான் வேலை போவும். உங்களுக்கு என்னக்கா, நீங்க கன்ஃபர்ம் ஆனவங்க."

சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

"சிவப்ப வெளிய விடு. அதப் பாத்து யாரும் தடுமாறாம இருக்கறதுக்கு நான் பொறுப்பு," என்றேன்.

அவள் திரைப் பக்கம் திரும்பிக் கருவியைத் திறந்தாள். பிறகு சிவப்பை மறைத்துவந்த நிரல் வரிகளை நீக்கினாள். அன்றிலிருந்து நாங்கள் வேண்டுமென்றே ஒவ்வொரு கோளாறாக உண்டாக்கினோம், சரிசெய்தோம், செய்ததை நான் பேசுகிற மாதிரி எளிமையாக மலாயில் எழுதினேன். முதல் பக்கத்தில் இப்படிப் போட்டேன்: 'சிவப்பு விழுந்தால் பயப்பட வேண்டாம். ஏஜென்ட் இன்னும் எதையும் தொடவில்லை. எந்த வரி சிவப்போ, அதற்கான பக்கத்தைப் பாருங்கள்.'

வெள்ளிக்கிழமை பாஸ் ஓட்டிய காடியில் பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போனோம். கிடங்கு மேனேஜர் ஒரு மலாய் அம்மா. அவரிடம் பாஸ் இவளை "ஒத்தாசைக்கு வந்த பொண்ணு" என்று அறிமுகப்படுத்தினார். கருவியை ஓட்டினோம். பச்சை, பச்சை, அடுத்தது சிவப்பு.

பாஸ் இவளை முறைத்தார். கடவுளே, பெரிய வாயாகப் பேசிவிட்டேனே! அவள் கை தானாக லேப்டாப்புக்குப் போனது. பிடித்துக்கொண்டேன். "விடு, அவங்களே செய்யட்டும்."

மேனேஜர் கையேட்டை எடுத்தார். விரல் வைத்துப் படித்தார். ஸ்டாக் ஃபோல்டரைத் திறக்க ஏஜென்டுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். தன் கணினியில் அனுமதியைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். எல்லாம் பச்சை.

"முன்னாடி வேற கம்பெனில வாங்குனது எப்பவும் ஓகே ஓகேன்னே சொல்லும்," என்றார் மலாயில். "ஒரு நாள் லாரி வரல. அப்பத்தான் ஆர்டரே போகலன்னு தெரிஞ்சது. இது வாயத் திறந்து சொல்லுதே! யார் செஞ்சது?"

பாஸ் தொண்டையைச் செருமினார். 'எங்க டீம்' என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இவங்கதான்," என்றார் பாஸ், அவளைக் காட்டி. "எங்க இன்ஜினியர்."

வெளியே வந்ததும், "திங்கக்கிழம கன்ஃபர்ம் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடுங்க," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் காடியை எடுக்கப் போனார். அவள் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க..." என்றவளுக்கு அதற்கு மேல் குரல் வரவில்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டாள். அந்தப் பக்கம் அவர், "என்னாச்சு? போச்சா? பரவால்ல, நீ வீட்டுக்கு வா, பாத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நான் ஆபீஸ் அக்கா பேசுறேன்," என்றேன். "வேலை கன்ஃபர்ம் ஆயிருச்சு."