நெசமான நோவு

அண்ணாமலை நகரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தலையில் உள்ள நரம்புகள் சிறு புரதத் துணுக்குகளை வெளியே விடும். அவை பக்கத்து செல்லின் மேல் அவற்றைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டதும் ஒற்றைத் தலைவலி கிளம்பும். அந்த ஏற்பிதான் என் ஆராய்ச்சி. பல வருஷம் உழைத்தும் இதனால் யாருக்கு என்ன பயன் என்று சலித்துப் போயிருந்தேன்.

ஒரு மதியம் கடலூர் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு முனகினாள். வெளிச்சம் பட்டாலே பாதித் தலை வெடிக்கிறதாம். ஷட்டரை இறக்கிவிட்டு, என் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

அவள் முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள். "அப்போ இது நெசமான நோவுதானா? வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு வூட்ல சொல்றாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா." கண் கலங்கிவிட்டது.

உடனே கணவருக்கு போன் போட்டாள். "மாமா, இந்த அக்கா சொல்றத கொஞ்சம் கேளு."

வலி எப்படி வருகிறது என்று அவருக்கு விளக்கினேன். டாக்டரிடம் காட்டினால் மருந்து உண்டு என்றேன். பஸ் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். அப்புறம், "தெரியாம ஜாஸ்தியா பேசிட்டேங்க. அவள பஸ் ஸ்டாண்டுலயே நிக்கச் சொல்லுங்க, நான் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைச்சிகிட்டுப் போறேன்" என்றார்.

நாங்கள் இறங்கியபோது அவர் காத்திருந்தார். தோளில் கிடந்த துண்டை விரித்து, வெயில் படாமல் அவள் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார்.

என் ஆராய்ச்சி மாத்திரையாக வந்தால்தான் பயன் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒருத்தியின் வலியை அவள் வீட்டார் நம்பவும் அது உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.