லைனிங் போட்ட கப்பல்

என் கணவர் செய்த முதல் ரிமோட் பொம்மைக் கப்பல் பாகூர் ஏரியில் இரண்டே நிமிடம்தான் ஓடியது. கரைக்கல்லில் முட்டி, விலாவில் விரிசல் விட்டு மூழ்கிப்போனது. ஆறு மாதம் ஷிப்ட் முடிந்து வந்து செதுக்கிய மனிதர், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார். "இன்னும் ஒண்ணு செய்யறேன். அதுவும் விரிசல் வுட்டுக்கிச்சுன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லித்தான் இரண்டாவதைத் தொடங்கினார்.

மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கூடு, பார்க்க அத்தனை அழகு. விரலால் அமுக்கினேன், உள்ளே போனது.

"கேன்வாஸ் வெக்காத காலர் மாதிரி தொளதொளன்னு இருக்குது. உள்ள லைனிங் குடுங்க" என்றேன். நான் பிளவுஸ் தைக்கிறவள்.

"கப்பலுக்கு இன்னாடி லைனிங்கு?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் அவரே காட்டன் துணியை எடுத்துப்போய் ஒட்டிப் பார்த்திருக்கிறார். முன்பக்க வளைவில் ஒரே சுருக்கம்.

"நேரா வெட்டுனா அப்படித்தான் வரும்" என்று பிடுங்கி, துணியைக் கிராஸில், மூலைவாக்காக வெட்டிக் கொடுத்தேன். இழுத்த இழுப்புக்கு வந்து வளைவோடு படிந்தது. மேலே ரெசின் பசையைப் பூசினோம். வெயிலில் டப்பாவிலேயே இறுக ஆரம்பித்துவிட, இருவரும் கத்திக்கொண்டே பிரஷ்ஷை ஓட்டினோம். காய்ந்த பிறகு தட்டினால் கணீரென்றது! அப்புறம் மோட்டார், சுக்கான், அடியில் பேட்டரி, கழற்றி மாட்டுகிற மேல்தளம் என்று ஒரு வாரம் எனக்குத் தையலே ஓடவில்லை.

ஏரியில் விட்டதும் சும்மா பறந்தது. அவரோ கரைப்பக்கமே திருப்பாமல் நடுத்தண்ணீரிலேயே சுற்ற வைத்தார். எத்தனை நாளைக்கு இப்படிப் பயந்து ஓட்டுவது? ரிமோட்டை வாங்கி நேராகக் கல்லைப் பார்த்து விட்டேன்.

"ஏய்! இன்னாடி பண்ற! திருப்புடி!"

டொக். முட்டிய வேகத்தில் பின்னால் வந்தது. அவர் பேண்ட்டோடு இறங்கித் தூக்கி, மேல்தளத்தைக் கழற்றி விரலை உள்ளே விட்டார். முன்பக்கம், பின்பக்கம், பேட்டரிக்கு அடியில் என்று எல்லா இடமும் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை.

தளத்தை மூடித் தண்ணீரில் வைத்தார்.

"ம், இன்னொரு தபா முட்டு" என்றார்.