பால்குடத்துக்குப் பிறகு வந்த அலை

மனைவி இறந்துபோன பிறகு மலாக்கா புக்கிட் ரம்பாய் வீட்டில் நானும் மகளும்தான். எனக்குத் தொழிற்சாலையில் காவல் வேலை. மகள் ஆயர் குரோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஏதோ ஒரு சமன்பாட்டுக்கு அலை தேடுகிறாள்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எவ்வளவு தூரம் ஓடினாலும் உருக்குலையாத அலை ஒன்று உண்டு. அது இப்படித்தான் இருக்கும் என்று அவளே ஊகித்து எழுதுவாள். சமன்பாட்டில் போட்டால் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக் கடைசியில் பூஜ்யமாகிவிட வேண்டும். துளி மிச்சம் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

வீட்டில் பேச்சு அவ்வளவுதான். பிறகு அவள் அறைக்கதவு சாத்திக்கொள்ளும்.

நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். விடை வந்தால் மாசி மகத்துக்குப் பால்குடம்.

ஒரு நாள் தேநீர் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது. வழவழவென்று, ஒரு நெளிவு கூட மாறாமல்.

"வந்துருச்சாம்மா?"

"ம், நல்லா வருதுப்பா," என்றாள், திரும்பாமலே.

அன்று மனைவியின் படத்துக்குப் பூ கூடுதலாக வைத்தேன்.

மாசி மகத்தன்று அவளுக்குப் பேராசிரியரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தனியாகவே செங் என்ற ஊரிலுள்ள கோயிலுக்குக் குடம் தூக்கினேன். கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னண்ணே, மகளுக்குக் கல்யாணமா?"

"இல்லப்பா. அலை கெடச்சிருச்சு."

"அலையா? மலாக்காவுல கடலுக்கா பஞ்சம்லா!"

வீட்டுக்கு வந்து, மகள் திரும்பியதும் விபூதியை நீட்டி வேண்டுதலைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ அப்பா, அது கம்ப்யூட்டர் போட்ட படம். கிட்டத்தட்டதான். சரியான விடை இன்னும் வரல."

"கண்ணுக்கு முழுசாத்தானே தெரிஞ்சிச்சு?"

"கண்ணுக்குத் தெரியும்பா. சமன்பாட்டுல போட்டா மிச்சம் நிக்குது."

விபூதியைப் பூசிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிடைக்காததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முருகன் என்ன நினைத்திருப்பான்? மனைவி இருந்தால் சிரித்தே கொன்றிருப்பாள். கேட்க வேறு ஆளில்லை. மறுபடி வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. நான் கொடுத்ததை வைத்துக்கொள், நீ கொடுக்கும்போது கொடு என்று மட்டும் விளக்கின் முன் சொன்னேன்.

மழைக்காலம் வந்தபோது ஒரு சாயங்காலம் அவளே சமையலறைக்கு வந்தாள். "அப்பா, உக்காருங்க," என்று தாளை விரித்தாள். ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினாள். இதற்கு இது போச்சு, அதற்கு அது போச்சு. ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரல் போகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மிச்சம் இல்லப்பா."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன்பா."

அவள் கண் கலங்கியிருந்தது. பேராசிரியருக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசிச் சிரிப்பது கேட்டது.

கோயிலுக்கு ஓடலாம் என்று எழுந்தேன். பால்குடம்தான் முன்பே எடுத்தாகிவிட்டதே. விளக்கை ஏற்றி, மனைவியின் படத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் சோற்றுக்கு அரிசி களைந்தேன்.