மடியில் மீட்டர்

மாமா வாங்கி வந்த பழைய டீசல் கார் சமதளத்தில் நன்றாகத்தான் ஓடியது. மலை ஏறும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கியது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் எங்கள் எல்லோர் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தார். கார் தேறினால் மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தான் மட்டும் சேலம் போய் வாடகைக்கு ஓட்டப்போகிறாராம். அத்தையிடம் கேட்கவில்லை, சொன்னதோடு சரி.

சேந்தமங்கலத்து மெக்கானிக் ஒரு மீட்டர் கொடுத்திருந்தார். பானட்டுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாய் ஜன்னல் வழியாக வந்து அதில் சேரும். பாரத்தோடு மேடு ஏறும்போது ஊசி பத்தைத் தொட்டால் டர்போ நல்லது. தொடாவிட்டால் வண்டியைத் தள்ளிவிட வேண்டியதுதான். பாரத்துக்காகப் பின் சீட்டில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றினார். அது போதாதென்று அத்தையையும் முன்னால் ஏறச் சொன்னார்.

"நான் என்ன மூட்டைங்களா?" என்றாள் அத்தை.

ஏறி உட்கார்ந்தாள். ஆனால் மீட்டரைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். நாலாவது படித்த பாவத்துக்கு நான் அவள் மடியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் மலை வளைவுகள் தொடங்கின. நான் பேசினால் எனக்கே கேட்காது, அந்த இரைச்சலில் மாமாவுக்கு எங்கே கேட்கும்? ஆறு என்றேன். எட்டு என்றேன். அவர் ரோட்டை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா கண்ணு? சத்தமாச் சொல்லு."

ஊசி ஒன்பதுக்கு வந்த நேரம் மேலிருந்து பஸ் வந்தது. வளைவில் ஒதுங்கி நின்றோம். ஊசி படுத்துக்கொண்டது. நின்றால் அப்படித்தான் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். அத்தை என்னை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறுக்கமாக ஏற்றினாள். மத்தியானத்தில் குளிர்கிறதாம்.

மறுபடி கிளம்பியபின் ஊசி அசையவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் மாமா கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க மாமா."

கோணலாகப் பிடிக்கிறேன் என்று திட்டினார், எட்டி மீட்டரைத் தட்டினார். ஊசி எழாததற்கு நான்தான் காரணம் போல. மேலே போய்ச் சேர்வதற்குள் கேட்பதையே விட்டுவிட்டார்.

"செத்துப்போச்சு. இதை வெச்சுக்கிட்டு எங்க போறது?"

வண்டியை வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அத்தை கண்ணாடியை இறக்கி, குழாயில் நசுங்கியிருந்த இடத்தை அது உருண்டையாகும்வரை விரலால் நீவிவிட்டாள். பிறகு முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். குளிர்கிறது என்றவளுக்கு இப்படி வேர்க்கிறதே, காய்ச்சலோ என்று பயந்து நான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன்.