சீக்குக்குப் பதில் பவுசு

அயர்லாந்தில் நான் தலைக்குக் குளிப்பது கையுறை மாட்டிக்கொண்டுதான். சோறு தின்பது கரண்டியால். கார்க் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். ஒருவரைத் தொடும் முன்னும் கை கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் விரல்களின் ஓரமாகத் தோலுக்கடியில் ஜவ்வரிசி போலக் கொப்புளங்கள் எழும்பின. எலும்பு வரைக்கும் அரிப்பு. நீர் வற்றியதும் தோல் உரிந்து வெடித்தது. கைகள் ஆறுவதற்குள் உள்ளங்கால்களிலும் தொடங்கிவிட்டது. மருத்துவர், "உங்கள் நாட்டு வெயிலில் வந்ததோ?" என்று கேட்டார். எங்கள் ஊர் வெயிலுக்கு வேர்க்குருதான் வரும் என்று சொல்ல நினைத்தேன். வேர்க்குருவுக்கு ஆங்கிலம் வரவில்லை. கழுத்தையும் முதுகையும் தொட்டுக் காட்டிச் சொறிந்து நடித்தேன். அவர் கொசுக்கடி என்று குறித்துக்கொண்டு, எக்ஸிமாவுக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். கூட வேலை செய்பவர்கள் யாரும் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தம்பி கல்யாணத்துக்கு எங்கள் ஊரான ஒத்தக்கடைக்கு வந்து இறங்கியபோது கொப்புளங்கள் புதிதாகக் கிளம்பியிருந்தன. அம்மா என் கையைப் பிடித்த பிடியிலேயே கண்டுகொண்டாள். அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி இது? ஒட்டுமா?"

"ஒட்டாதும்மா. எக்ஸிமா. தண்ணி, சோப்பு பட்டா வரும்."

"நீ சொன்னா நான் நம்புவேன். பொண்ணு வீட்டுக்காரங்க நம்புவாங்களா? பரம்பரை வியாதின்னு ஒருத்தி கிளப்பி விட்டாப் போதும், கல்யாணம் நின்னுரும். கையுறைய மாட்டிக்க. யாராச்சும் கேட்டா அந்த ஊரு பழக்கம்னு சொல்லிரு."

"பவுசுன்னு பேசுவாங்கம்மா."

"பேசட்டும். பவுசுன்னா பேசிட்டுப் போறாக. சீக்குன்னு பேசக் கூடாது."

ஆகவே பவுசு காட்டத் தொடங்கினேன். கூடத்தில் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட, நான் கரண்டி கேட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்தேன். வீட்டுக்குள் கையுறையும் காலுறையுமாக நடந்தேன். கையைப் பிடிக்க வந்தவர்களுக்குத் தள்ளி நின்று தலையசைத்தேன். புலம்பெயர்ந்து வாழும் சிநேகிதர்களே, ஊருக்குப் போனால் மாறவேயில்லை என்று பெயர் வாங்க நாம் எவ்வளவு பாடுபடுவோம்! நான் அதற்கு நேர்மாறாகப் பாடுபட்டேன். சித்தி ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "அம்புட்டு மாறிருச்சு இந்தப் பிள்ள. இதுல சோத்துக்குக் கரண்டி வேற." எனக்கு அழுகை முட்டியது. அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நாத்தனார் முடிச்சில் வந்து நின்றது. தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் போடுவது அவன் கூடப் பிறந்தவள். பெரியப்பா மகள் போடட்டுமே என்று அம்மா பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தாள். தம்பிக்கு என் கை விவகாரம் தெரியாது. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏன்க்கா, மஞ்சக் கயித்தத் தொடக்கூட உனக்கு அசிங்கமா இருக்கா?"

சித்தி பேசியதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. "நான்தான்டா கட்டுவேன்" என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

தல்லாகுளம் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியது. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றேன். கயிற்றில் ஈரம் காயாத மஞ்சள். வெடிப்புக்குள் இறங்கியதும் மிளகாய் பட்டதுபோல எரிந்தது. நான்கைந்து முறை கயிறு வழுக்கியது. தலை குனிந்திருந்த பெண் மெல்லச் சொன்னாள்: "மதினி, மெதுவாப் போடுங்க. ஒண்ணும் அவசரமில்ல." அந்தக் குரலுக்காகவே இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். நிமிர்ந்தால் எதிரே பெண்ணின் தாயார். அவர் பார்வை உரிந்து சிவந்த என் விரல்கள் மேல் இருந்தது. தம்பியும் பார்த்தான்.

நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் அந்த அம்மாள் என் அம்மாவிடம் கேட்டே விட்டார்: "பிள்ள கையில என்னங்க?"

அம்மா தயங்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி அவரிடம் காட்டினாள். "அந்த ஊரு குளிருக்கு வர்றதுங்க. ஒட்டாது. எங்க வீட்ல யாருக்குமே இந்தச் சீக்கு கிடையாது."

பிடித்த பிடி வலிக்காமல் பார்த்துக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். நானும் சிரித்தபடி, "ஆமாங்க, எங்க வீட்ல யாருக்கும் கிடையாது" என்றேன். பெண்ணின் தாயார் மூச்சு விட்டார். "அதான பார்த்தேன். எப்பம்மா ஊருக்குக் கிளம்புற?"

அதற்குள் போட்டோ எடுப்பவர் மேடையிலிருந்து கத்தினார்: "மாப்ள வீட்டு ஆளுக மட்டும் மேல வாங்க!" அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி ஏறினாள். பெரியப்பா ஏறினார், சித்தி ஏறினாள். நான் ஒரு காலை முதல் படியில் வைத்தேன். உள்ளங்காலில் வெடிப்பு சுரீரென்றது, எங்க வீட்ல யாருக்குமே இல்லாத சீக்கு. மறு காலை எடுத்து வைக்கவில்லை. மேலே வரிசையில் எல்லோரும் நெருக்கி நின்றுகொண்டார்கள். தம்பி மட்டும் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டுக்கொண்டு, "எங்கக்கா இன்னும் வரலண்ணே" என்று போட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.