நன்றியுரை வைகுண்டராஜ்

மேடையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்ததும் வைகுண்டராஜ் சார் செருப்பைக் கழற்றிவிடுவார். பாதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியை வாங்கிக்கொண்டிருப்பார். பேசுகிறவர் 'இறுதியாக' என்றதும் பெருவிரல் மட்டும் விழித்து, மேசை விரிப்புக்குக் கீழே செருப்பைத் தேடும். எங்கள் பேச்சாளர்களுக்கு இறுதி ஒரே தடவையில் வந்துவிடுவதில்லை. ஆகவே மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த எங்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தாவரவியல் விரிவுரையாளர். எண்பதுகளின் கடைசி அது. ஆங்கில மன்றம், இந்தி மன்றம், தெலுங்கு மன்றம், எல்லாவற்றுக்கும் மேலே பன்மொழிப் பண்பாட்டு மன்றம். எதில் விழா நடந்தாலும் நன்றியுரை அவர்தான். ஏழு மொழிகளில் நன்றி சொல்லுவார். ஏழாவது ஜெர்மன், ஒருமுறை வந்துபோன பாதிரியாரிடம் கேட்டு வாங்கியது. தமிழும் ஆங்கிலமும் போக மற்ற ஐந்திலும் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். மன்றத்தின் மற்ற பொறுப்பாளர்களுக்கு அதுவும் தெரியாது.

என்னோடு படித்த, வீட்டில் தெலுங்கு பேசும் சோலைராஜ் ஒருநாள் அவரிடம் சொன்னான்: "சார், தன்யவாதாலுன்னு எங்க வீட்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாக. சோறு போட்டாத் தின்னுட்டு எந்திரிச்சிருவோம்."

"அப்ப நன்றிய எப்படிலே காட்டுவிய?"

"மறுசோறு கேப்போம் சார்."

சார் எழுந்தால் கூட்டமும் எழும். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. விழா முடிந்தது என்பதற்கு அவர்தான் மணி. 'முதல்வர் அவர்களே' என்று அவர் தொடங்கும்போது பாதிப் பேர் சைக்கிள் ஸ்டாண்டில் இருப்பார்கள், மீதிப் பேர் சுந்தரபாண்டியம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாளாவது சிறப்புரை ஆற்றவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வருடாவருடம் முதல்வரிடம் கேட்பார். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் முதல்வர்.

எண்பத்தெட்டில் பண்பாட்டு மன்ற ஆண்டு விழா. மதுரையிலிருந்து வரவேண்டிய சிறப்பு விருந்தினரைக் காணோம். நேரத்தை நிரப்ப, பஞ்சாபி நடனம் ஆடியவர்களையே தலைப்பாகையோடு மறுபடி ஏற்றினார்கள். அதே ஆட்டம், இந்தத் தடவை அது குஜராத்தி என்று அறிவித்தார்கள். பின்வரிசையில் விசில் கிளம்பியது. பெஞ்சைத் தட்டினார்கள். முதல்வர் குனிந்து வைகுண்டராஜ் சாரின் காதில் என்னவோ சொன்னார். சாரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஆசிரியர் குடும்பங்களுக்கான முன்வரிசையில் இருந்த மனைவி இசக்கியம்மாளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார்.

அரங்கமும் எழுந்தது.

"உக்காருங்க! இது நன்றியுரை இல்ல, சிறப்புரை!" என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார்.

"இன்னைக்குச் சிறப்பா நன்றி சொல்லப் போறாராம்லே, ஓடு!" என்றது ஒரு குரல்.

அவர் தொண்டையைச் செருமி முடித்தபோது இசக்கியம்மாள், மைக்செட் சின்னக்கருப்பன், தலைப்பாகையை அவிழ்க்க முடியாமல் நின்ற சோலைராஜ், நான், இவ்வளவு பேர்தான் மிச்சம். முதல்வர்கூடக் கிளம்பிவிட்டார். சார் பேசினார்.

"எங்க தெருக் குழாயடியில மூணு மொழிக்காரங்க. சண்டை வந்தா அவங்கவங்க மொழியிலதான் திட்டுவாங்க. ஒருத்தருக்கும் ஒரு திட்டுகூடப் புரியாமப் போனதில்ல. நம்ம மன்றத்துல வணக்கமும் நன்றியும் சொல்லிக் குடுக்கோம். அது விருந்தாளிக்கு ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரனோட மூச்சு விடாமச் சண்டை போடத் தெரியணும், அப்பத்தான் அவன் மொழி நமக்குத் தெரியும்."

சின்னக்கருப்பன் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

வெளியே வந்ததும் இசக்கியம்மாள், "நல்லாத்தான பேசுனிய. இம்புட்டு வருசமா ஏன் பேச விடல?" என்றார்.

"இன்னைக்கு முதல்வரே கூப்பிட்டாருல்ல!"

ஓய்வு பெறும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத அரங்கத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதல்வரே கூப்பிட்டார், அது போதும்.

பல வருடம் கழித்து, ராஜபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் முதல்வர் எனக்குப் பக்கத்து இலை. அந்த விழாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிரித்தார்.

"விருந்தாளி வரலைன்னு மத்தியானமே போன் வந்திருச்சு. பயலுக பெஞ்ச ஒடைக்கப் போறானுங்க. கலைஞ்சு போங்கன்னு மைக்ல சொன்னா மன்றத்துக்கு அசிங்கமில்லையா? அதான், 'செத்த நேரம் எந்திரிச்சு நில்லுங்க வைகுண்டராஜ்'னேன். பேசச் சொல்லி நான் சொல்லவே இல்லையே."