அத்தான் காப்பாற்றிய இசை

அத்தான் ஓர் இசைத்தட்டைக் கையில் எடுத்தால் முதலில் அதன் உறையை முகர்ந்து பார்ப்பார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை ஏந்தி, கண்களை அரைவாசி மூடி, அட்டையின் ஓரம் முழுவதும் மூக்கை மெதுவாகக் கொண்டுபோவார். லண்டனில் இல்ஃபோர்ட் பகுதியில் இருந்த அக்கா வீட்டு முன்னறைக்கு அவரைத் தேடிவந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பூசை பார்ப்பவர்களைப்போல மௌனமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த மனிதருக்கு இசைதான் மூச்சு என்று அவர்களில் ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். அத்தான் முகர்ந்தது பூஞ்சணத்துக்காக. ஈரமான நிலவறையில் கிடந்த தட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அதற்குமேல் அந்தச் சடங்கில் எதுவும் இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கு ஜேர்மனிக்குப் போய், ஒரு தொழில்நகரத்து மதுக்கடையில் பாத்திரம் கழுவியவர். அந்தக் கடையின் பின்மண்டபத்தில் வார இறுதிகளில் இளைஞர்கள் சிலர் இசைக் கச்சேரி வைப்பார்கள். பங்க் என்ற முரட்டு ரொக் இசையின் கூச்சல் ஓய்ந்தபிறகு வந்தவர்கள் அவர்கள். சிந்தசைசர் என்ற மலிவான மின்னிசைக் கருவி ஒன்றையும் தாளம் போடும் இயந்திரம் ஒன்றையும் வைத்துக்கொண்டு, சீமெந்துக் கட்டிடங்களையும் ஆளில்லாத ரயில் நிலையங்களையும் பற்றி உணர்ச்சியே இல்லாத குரலில் பாடுவார்கள். கைக்காசைப் போட்டுச் சில நூறு தட்டுகள் அடிப்பார்கள். வாங்க ஆள் இருக்காது. கடை மூடப்பட்டபோது அப்படி விலைபோகாமல் கிடந்த இரண்டு பெட்டிகளை முதலாளி அத்தானின் தலையில் கட்டிவிட்டார். எதையும் எறிய மனம் வராத எங்கள் வழக்கப்படி, அவை அவரோடு லண்டனுக்கு வந்து பரணில் பத்து வருடத்துக்குமேல் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான்களைக் காரின் பின்பக்கத்தில் பரப்பி விற்கும் சந்தைக்கு அவர் அந்தப் பெட்டிகளையும் கொண்டுபோயிருக்கிறார். வெயில் கொளுத்தும் ஜூன் மாதத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் வந்து பெட்டியைக் கிண்டத் தொடங்கினாராம். ஐந்தாவது தட்டில் அவருடைய கை நடுங்கியதாம். அத்தான் உடனே பெட்டியை மூடி, இன்றைக்கு விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டார். இந்தக் கதையை அவர் குறைந்தது ஐம்பது தடவை என்னிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் முடிப்பார்: “கை நடுங்கிறவனுக்கு உடன சாமானைக் குடுக்கக் கூடாது, பிள்ளை. ஏன் நடுங்குதெண்டு முதல்ல அறியோணும்.”

அறிந்துகொண்டார். இருபது வருடங்களுக்கு முன்னால் யாரும் சீந்தாத அந்தத் தட்டுகளுக்கு இப்போது அலைந்து திரியும் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. லண்டனில் அதுவரை நடத்திவந்த மளிகைக்கடையை விற்றுவிட்டு வீட்டு முன்னறையைக் கடையாக்கினார். நான் ஜேர்மனியில் வளர்ந்து, பள்ளிக்கூடமும் அங்கேயே முடித்து, இருபத்தெட்டு வயதில் அக்காவிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு என்னால் பெரிய வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய ஜேர்மன் சமையலறைக்கு வெளியே வராது. என்னுடையதோ யார் காதிலும் உறுத்தாமல் உள்ளே போகும்.

வாடிக்கையாளர்களைப் பற்றி மரியாதையாக எழுத எனக்குச் சொல் கிடைக்கவில்லை. எல்லோரும் நாற்பது வயதை ஒட்டிய ஆண்கள். எல்லோருக்கும் கறுப்புடை. ஒருவரையொருவர் வெறுப்பார்கள். அக்கா கொடுக்கும் தேநீரை, தட்டில் ஏதாவது பட்டுவிடும் என்று பயந்து தொடவே மாட்டார்கள். அவர்களிடம் ஒரு தட்டைக் காட்டினால், எத்தனை அடித்தார்கள், இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்பார்கள். பாட்டு நல்லதா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் ஒருநாள் கேட்டேன். அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர், அவர் அதற்குள் எங்கள் நிரந்தர வாடிக்கையாளராகியிருந்தார், நான் ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் தட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க முதல் அரை நிமிடத்தை ஓடவிடுவார். அந்த அறையில் எந்தப் பாட்டும் அதைத் தாண்டி ஓடியதில்லை.

என்னுடைய வேலை அந்தப் பழைய இளைஞர்களைத் தேடிப்பிடிப்பது. தொலைபேசிப் புத்தகங்களில் பெயர்களைத் துழாவி, அழைத்து, உங்களிடம் மிச்சத் தட்டுகள் ஏதும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஒருவர் பல் வைத்தியராகியிருந்தார். இன்னொருவர் வரி அலுவலகத்தில் இருந்தார்; விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பெண், தன் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது, இனிமேல் அழைக்காதே என்றார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இளமையில் செய்ததை மறந்துவிட்டுப் பிழைப்பைப் பார்த்த மனிதர்கள்.

அப்படித் தேடும்போதுதான் அந்தத் தாய் கிடைத்தார். அவருடைய மகன் தானே பொருத்திய சிந்தசைசரில், தன் அறையிலேயே ஒரு பாட்டைப் பதிவுசெய்து முந்நூறு தட்டுகள் அடித்திருக்கிறான். அடுத்த வருடமே நோயில் இறந்துபோனான். தட்டுகள் ஏறக்குறைய அப்படியே நிலவறையில் இருந்தன. அதை உண்மையாகவே ஆட்கள் கேட்க விரும்புகிறார்களா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற அத்தான், ஓம் எண்டு சொல்லு, லண்டன் முழுக்கக் கேக்கினம் எண்டு சொல்லு என்றார். நான் சொன்னேன். அவர் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன். குரலில் கொஞ்சம் ஈரமும் சேர்த்துக்கொண்டேன். அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

அத்தானின் வான் வண்டியில் போனோம். கப்பலில் கடலைக் கடக்கும்போது அத்தான் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டே, “அந்தப் பெடியன்ர பேர் என்ன எண்டு சொன்னனீ?” என்று கேட்டார். சொன்னேன். கையில் எழுதிக்கொண்டார். மறுநாள் பிற்பகல் அந்த அம்மாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தான் பாத்திரம் கழுவிய மதுக்கடையில் அவனைப் பார்த்திருப்பதாகவும், சாப்பிட்ட தட்டைத் தானே சமையலறைக்குக் கொண்டுவந்து தரும் ஒரே பையன் அவன்தான் என்றும் தன் உடைந்த ஜேர்மனில் சொன்னார். அந்த அம்மா அழுதார். பிளம்ஸ் கேக்கில் அத்தானுக்கு இரண்டாவது துண்டும் வைத்தார். ஒவ்வொரு உறையையும் துணியால் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மூலையிலும் மகன் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தான். எங்களிடம் காசு எதுவும் வாங்க மறுத்துவிட்டார். ஆட்கள் கேட்டால் போதும் என்றார். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. தட்டுப் போடும் கருவியை மகனின் சாமான்களோடு எப்போதோ கொடுத்துவிட்டாராம்.

திரும்பிவந்த அடுத்த ஞாயிறு காலை, கொல்லைப்புறத்தில் அத்தான் என்னைக் கூப்பிட்டார். நாற்பது தட்டுகளை எடுத்து முன்னறையில் வைத்திருந்தார். மிச்சம் புல்லின்மேல் அடுக்கியிருந்தது. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு மூன்றாகச் சுற்றி, முழங்காலில் வைத்து மடக்கினார். அந்தப் பிளாஸ்டிக் சட்டென்று உடையாது. முதலில் வளைந்து கொடுக்கும். பிறகு துணிக்குள் மந்தமான ஒரு சத்தம் கேட்கும்.

“ஏன் அத்தான் உடைக்கிறியள்?”

“முந்நூறு இருந்தால் அது குப்பை. நாப்பது இருந்தால்தான் அது ரெக்கோர்ட்” என்றார். பிறகு, “பையின்ர வாயை வடிவாப் பிடி.”

நான் பிடித்தேன். உடைந்த துண்டுகள் கறுப்புப் பைக்குள் போயின. உறைகளை அவர் தனியாகக் கட்டி, கடதாசிக் குப்பைக்கென்று நகரக் கவுன்சில் தந்த பெட்டிக்குள் போட்டார். கவுன்சிலின் குப்பைச் சட்டத்தை அத்தான் ஒருபோதும் மீறியதில்லை. உள்ளே வந்தபோது அக்கா, அத்தான் யோசிக்காமல் ஒண்டும் செய்ய மாட்டார் என்றாள். யோசிக்காமல் செய்திருந்தால் எனக்குப் பரவாயில்லை.

அந்த அம்மா சனிக்கிழமைகளில் என்னைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். மகனின் பாட்டை யார் யார் கேட்கிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டார். நான் ஆட்களை உருவாக்கினேன். வேலைக்குப் போகுமுன் அதைக் கேட்கும் தாதி ஒருத்தி, தன் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டும் ஆசிரியர் ஒருவர். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அவர்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர், அவர்களில் ஒருவரோடு தான் பேச முடியுமா என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்ட ஒருவரைத் தேடவேண்டி வந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் அந்தத் தட்டை வாங்கியிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தத் தாயோடு இரண்டு வார்த்தை பேசுவீர்களா, பாட்டில் எது பிடித்தது என்று சொன்னால் போதும் என்று கேட்டேன். அவர் திகைத்துப்போனார். தான் அதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றார். இப்படிப்பட்ட தட்டை ஊசியில் வைத்தால் அதன் நிலை கெட்டுவிடுமாம். அவர் முட்டாள்தான். நாங்கள் அவரை வைத்துப் பிழைத்தவர்கள்.

அடுத்த சனிக்கிழமை அத்தானும் அக்காவும் வீட்டுச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் அழைப்பு வந்தது. நான் முன்னறை அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கருவியில் வைத்து, ஒலிபெருக்கியின் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்தேன். மகனின் பாட்டை அம்மா அதுவரை முழுமையாகக் கேட்டதே இல்லை. அவன் கதவைச் சாத்திக்கொண்டுதான் எல்லாம் செய்வானாம். நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். தண்ணீர்க் குழாய் சொட்டுவதுபோலத் தாளம். அதற்குமேல் இரண்டு சுரங்கள் போய்வந்தன. ஒரு பையன் ஏதோ பேருந்துத் தரிப்பிடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது. முடியப்போகும் இடத்தில், எங்கோ தூரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. சாப்பாடு ஆறுகிறது, கீழே வா என்று அது கூப்பிட்டது. பையன் பாடுவதை நிறுத்தவில்லை.

தட்டு நின்றது. பிறகு அந்த அம்மா, “அது நான்” என்றார். அன்றைக்கு அவன் சாப்பிட வரவேயில்லை என்றார்.

அதற்குப்பிறகு என்னால் தாதியையும் ஆசிரியரையும் தாங்கிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலில் பெயர் கேட்டதை, கொல்லைப்புறத்தை, முழங்காலை. அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“நீ அங்கே என்ன செய்தாய்?”

“பையைப் பிடித்தேன்.”

அப்படியென்றால் இப்போது போட்ட தட்டை எனக்கு அனுப்பு, அதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றார். திங்கட்கிழமை அதை அட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்பினேன். அத்தான் வியாழக்கிழமை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார். “உனக்கென்ன விசரே? அந்த மனிசி அதைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ளதான் வைக்கப்போகுது” என்றார். மகன் செய்ததை எரிக்கவும் அவவுக்கு உரிமை இருக்கு, உடைக்க உங்களுக்குத்தான் இல்லை என்றேன். அக்கா அழுதாள். யாருக்காக என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வாரமே லண்டனின் இன்னொரு மூலையில், கிங்ஸ்பரியில், ஓர் அறை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் கற்பிக்கும் வேலை கிடைத்தது.

அந்த அம்மா எரிக்கவில்லை. தேவாலயத்துப் பழைய பொருட்சந்தையில் ஒரு கருவி வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் முறையிடும்வரை அதைப் போட்டுக் கேட்பதாக எழுதினார். மூன்று வருடம் கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதம் அவருடைய அண்ணன் மகளிடமிருந்து வந்தது. அவர் இறந்துவிட்டார், வீட்டை விற்றுவிட்டோம், வாங்கியவர்கள் அதை இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிட்டார்கள் என்று அதில் இருந்தது.

இன்றைக்கு அந்தப் பாட்டை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பேருந்தில் இருந்துகொண்டு யாரும் கேட்கலாம். தட்டின் விலை மட்டும் குறையவில்லை என்று அறிகிறேன். அத்தானோடு நான் கடைசியாகப் பேசியது அந்தக் கடிதம் வந்த அடுத்த வருடம், தெற்கு லண்டனில் ஒரு கல்யாண மண்டபத்தில். கோயில் நிர்வாகத்தில் பெரிய ஆளாகியிருந்தார். பக்கத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டி, “இவதான் என்னோட சேர்ந்து அந்தக் காலத்து மியூசிக்கைக் காப்பாத்தின ஆள்” என்றார். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஜேர்மன் மனிசி இருக்கிறாவோ என்று கேட்டார். செத்துப்போனா என்றேன்.

“பாவம். நல்ல மனிசி” என்றார். வெற்றிலையை மென்று முடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க வேற பெட்டி ஏதும் மிஞ்சிக் கிடக்குமோ?” என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் வெட்கத்தின் ஒரு கீறல்கூட இல்லை.

“ஓம் அத்தான். பரணில ரெண்டு பெட்டி இருக்கெண்டு அவவே எழுதினவ. வீடு அப்பிடியேதான் கிடக்குது” என்றேன்.

புதன்கிழமை அக்கா அழைத்தாள். அத்தான் விடியவே வானை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டாராம். எங்கே எதற்கு என்று சொல்லவில்லையாம். உனக்கு ஏதும் தெரியுமோ என்று கேட்டாள். தெரியாது என்றேன். கடலைத் தாண்டி, நாள் முழுவதும் ஓடி, அவர் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் நடுவில் போய் நிற்பார். இறங்கி, முகவரியை இன்னொரு தடவை பார்ப்பார். நான் ஒரு தேநீர் போட்டு, யன்னலோரமாக உட்கார்ந்து, அவசரப்படாமல் குடித்தேன்.